கோவையில் ரெட்டினா ஆபரேஷன், வீடு கோத்தகிரியில்: கேஸா, ஆயிலா?

இலைக்கணக்கு (திங்கள், இரவு 9:12)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பாவுக்கு 61 வயது. கோத்தகிரி பக்கம் சின்னத் தேயிலைத் தோட்டம். போன வாரக் கடைசியில் வலது கண்ணில் கரும்புள்ளி பறக்கிறது, ஓரத்தில் மின்னல் மாதிரி அடிக்கிறது என்றார். நேற்று கீழிருந்து ஒரு கறுப்புத் திரை மேலே ஏறி வருவது போல இருக்கிறது என்று சொன்னதும் பயந்துபோய் இன்று காலை கோவைக்குக் கூட்டி வந்துவிட்டேன். மேல்பக்கம் கிழிந்து விழித்திரை பிரிய ஆரம்பித்திருக்கிறதாம். மாக்குலா, அதாவது கூர்ந்து பார்க்க உதவும் விழித்திரையின் நடுப்பகுதி, இன்னும் பிரியவில்லை, உடனே செய்துவிடலாம் என்கிறார்கள். அதே கண்ணில் ஏற்கெனவே புரை ஆபரேஷன் முடிந்து லென்ஸ் வைத்திருக்கிறார்.

டாக்டர் "உள்ளே கேஸ் வைப்போம், 90% வெற்றி" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தால், கவுன்ட்டரில் இருந்த அம்மா விலாசத்தைப் பார்த்துவிட்டு, "கோத்தகிரியா? கேஸ் வைத்தால் மலை ஏறக் கூடாதே, டாக்டரிடம் சொன்னீர்களா?" என்று கேட்கிறார். டாக்டர் அதற்குள் தியேட்டருக்குப் போய்விட்டார். நாளைக் காலைதான் பார்க்க முடியும்.

மலை ஏறக் கூடாது என்பது உண்மையா? கேஸுக்குப் பதில் ஆயில் வைத்தால் ஏறலாம் என்கிறார்கள், அப்படியென்றால் ஆயிலே வைத்துவிடலாமா? எதில் பார்வை நன்றாக வரும்? அப்பா இப்போதே "இந்த வெக்கையில் என்னை உட்கார வைக்காதே" என்று ஆரம்பித்துவிட்டார். இலை வேறு பறிக்கும் பக்குவத்தில் நிற்கிறது.


பர்லியாறு_டிரைவர் (திங்கள், இரவு 9:40)

தம்பி, உண்மை. சத்தியமான உண்மை.

கோவையிலிருந்து ஒரு பெரியவரை ஊட்டிக்கு ஏற்றினேன். கண்ணில் பிளாஸ்டிக் மூடி, கையில் ஆஸ்பத்திரியில் கட்டிய பட்டை. கல்லார் வரை பேசிக்கொண்டுதான் வந்தார். பர்லியாறு தாண்டியதும் "கண்ணு பிதுங்குற மாதிரி இருக்கு" என்றார். வளைவுகளில் எல்லோரும் தலைசுற்றல் என்று சொல்வதுதானே, எலுமிச்சம்பழம் கொடுத்தேன். குன்னூர் வருவதற்குள் வாந்தி. அப்புறம் "அந்தக் கண்ணில் வெளிச்சமே தெரியவில்லை" என்றார். அவர் மகள் போன் போட்ட பிறகுதான் விஷயமே தெரிந்தது. அப்படியே வண்டியைத் திருப்பி இறக்கினேன். மேட்டுப்பாளையம் வந்ததும் வலி குறைந்தது. பார்வை பிறகு வந்தது, முழுசாக வரவில்லை என்று கேள்வி.

எந்த ஊர் என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒருவரும் கேட்கவில்லையாம். கையில் இருந்த பட்டையில் ஆங்கிலத்தில் என்னவோ அச்சடித்திருந்தது, அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.


கண்ணாடிக்கடை_அக்கா (திங்கள், இரவு 10:25)

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது கண்ணைச் சோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பவள், குன்னூர். டாக்டர் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தக் கேள்வி வாரம் ஒரு முறையாவது கடைக்கு வருகிறது.

தம்பி, முதலில் நல்ல செய்தி. கீழிருந்து திரை ஏறுகிறது என்றால் பிரிந்திருப்பது மேல்பக்கம். உள்ளே வைக்கும் கேஸ் குமிழ் மேலே மிதக்கும், எனவே மேல்பக்கக் கிழிசலைச் சரியாகப் போய் அழுத்தும். மாக்குலா ஒட்டிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டீர்கள். இது பெரிய விஷயம். மாக்குலா பிரிந்த பிறகு வருகிறவர்களுக்குத் திரை நன்றாக ஒட்டினாலும் எழுத்து பழையபடி தெரியாது, நேர்க்கோடு வளைந்து தெரியும். நம் மலையில் பாதிப் பேர் அப்படித்தான் வருகிறார்கள், "பனியில் மங்கலாக இருக்கிறது என்று நினைத்தேன்" என்று சொல்லிக்கொண்டு.

இப்போது மலை. கோவையில் காற்றின் அழுத்தம் சுமார் 725 மில்லிமீட்டர் பாதரசம். 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள கோத்தகிரியில் 610 பக்கம். 2,240 மீட்டரில் ஊட்டியில் 580. வெளி அழுத்தம் குறைந்தால் அடைத்து வைத்த வாயு விரியும். கணக்குப் போட்டால் கோத்தகிரிக்கு 18%, ஊட்டிக்கு 25% வரை விரியப் பார்க்கும். மேலே கொண்டுவந்த சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். பாக்கெட்டுக்கு உப்ப இடம் இருக்கிறது, கண்ணுக்கு இல்லை. விழி உருண்டை உறுதியான சுவர், உள்ளே மொத்தமே 4 மில்லி சொச்சம்தான் இடம். விரிய முடியாத வாயு பிரஷராக மாறும். சாதாரணமாகக் கண் பிரஷர் 10 முதல் 21 வரை. அது 50, 60 என்று ஏறினால் விழித்திரைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் நசுங்க ஆரம்பிக்கும். அந்தப் பெரியவருக்கு வெளிச்சம் போனது அதனால்தான். டிரைவர் அண்ணா வண்டியைத் திருப்பி இறக்கியதுதான் சரியான முதலுதவி. வலி வந்த பிறகு "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஏறியிருந்தால் கண் போயிருக்கும்.

எத்தனை நாள் என்பது எந்த வாயு என்பதைப் பொறுத்தது. வெறும் காற்று என்றால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் கரையும். எஸ்எஃப்6 என்றால் இரண்டு வாரம், சிலருக்கு மூன்று. சி3எஃப்8 என்றால் ஆறு முதல் எட்டு வாரம். நாளை டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "எந்த கேஸ்?"


கல்லட்டி36 (திங்கள், இரவு 10:51)

கொஞ்சம் அதிகமாகப் பயமுறுத்துகிறீர்களோ என்று தோன்றுகிறது. என் மாமாவுக்கு கேஸ் வைத்துப் பத்து நாளில் ஊட்டிக்கு வந்துவிட்டார், ஒன்றும் ஆகவில்லை. மெதுவாக, இடையிடையே நிறுத்தி ஏறினால் கண் பழகிக்கொள்ளும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.


நீராவி_ரசிகன் (திங்கள், இரவு 11:03)

அப்படியென்றால் மலை ரயில்தான் சரி. மேட்டுப்பாளையத்தில் ஏறினால் ஊட்டிக்கு ஐந்து மணி நேரம் ஆகும். இதைவிட மெதுவாக உலகத்தில் எதுவும் ஏறாது :)


கண்ணாடிக்கடை_அக்கா (செவ்வாய், காலை 6:35)

@கல்லட்டி36 உங்கள் மாமாவுக்குக் குமிழ் பெரும்பாலும் கரைந்திருக்கும், அதனால் தப்பித்தார். பத்தாவது நாளில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

மெதுவாக ஏறுவது பற்றி: கண்ணுக்குள் ஊறும் நீர் நிமிடத்துக்கு 2 முதல் 2.5 மைக்ரோலிட்டர், வடிவதும் அதே அளவுதான். கண்ணில் பாதி, அதாவது 2 மில்லி கேஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரிக்கு ஏறும்போது அது கேட்கும் கூடுதல் இடம் 360 மைக்ரோலிட்டர். புதிதாக ஒரு சொட்டுகூட ஊறாமல் இருந்தாலே அவ்வளவு வடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று டிரைவர் அண்ணாவைக் கேளுங்கள். பிரஷர் ஏறினால் வடிகிற வேகமும் கூடும், உண்மைதான். ஆனால் பிரஷர் ஏறுவதைத்தானே தவிர்க்கப் பார்க்கிறோம். கண் நீர் அழுத்தம், அதாவது கிளாக்கோமா, உள்ளவருக்கு வடிகாலே பாதி அடைத்திருக்கும். அவருக்கு இந்தக் கணக்கும் செல்லாது.

மலை ரயில் தம்பி, ரசித்தேன். ஆனால் ரன்னிமேடு பக்கம் என்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது ஒருவருக்குக் கண் வலி வந்தால் எப்படி இறக்குவீர்கள்?


பர்லியாறு_டிரைவர் (செவ்வாய், காலை 6:50)

கோத்தகிரிக்கு ஒரு மணி நேரம். லாரி மாட்டினால் ஒன்றேகால்.


புள்ளிவிவரப்_புலி (செவ்வாய், காலை 7:30)

இலைக்கணக்கு, அந்த "90% வெற்றி" என்ன என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். ஒரே ஆபரேஷனில் விழித்திரை ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு அது. பார்வை 90% வரும் என்று அர்த்தமில்லை. பத்தில் ஒருவருக்கு மறுபடி பிரியும், மறுபடி செய்வார்கள். அதையும் சேர்த்தால் கடைசியில் ஒட்டுவது 95%க்கு மேல். கவுன்ட்டரில் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து சொல்லிவிடுகிறார்கள், கேட்பவர் பாவம்.

ஒட்டுவதும் பார்ப்பதும் வேறு வேறு என்பதற்கு நல்ல உதாரணம், டொராண்டோவில் நடந்து 2019-ல் வெளியான ஒரு ஆய்வு. மொத்தம் 176 பேர். ஒரு பாதிக்கு விட்ரெக்டமி, அதாவது உள்ளே போய்க் கூழை எடுத்துவிட்டுக் கேஸ் நிரப்புவது. மறு பாதிக்கு ஆபரேஷன் தியேட்டரே வேண்டாம், கண்ணுக்குள் கேஸ் ஊசி மட்டும் போட்டுத் தலையைச் சாய்த்து வைத்துக் கிழிசலை லேசரிலோ குளிரிலோ ஒட்டுவது. ஒரே முறையில் ஒட்டியது விட்ரெக்டமியில் 93%, ஊசியில் 81%. விட்ரெக்டமிதானே ஜெயித்தது என்று தோன்றும். ஆனால் ஒரு வருடம் கழித்துப் பலகையில் எழுத்து வாசிக்கச் சொன்னால் ஊசிக்காரர்கள் சராசரியாக ஐந்து எழுத்து கூடுதலாக வாசித்தார்கள், கோடு வளைந்து தெரிவதும் அவர்களுக்குக் குறைவு. கடைசியில் இரண்டு கோஷ்டியிலும் 98%க்கு மேல் ஒட்டிவிட்டது. ஊசி எல்லாக் கிழிசலுக்கும் பொருந்தாது, மேல்பக்கக் கிழிசலுக்குத்தான். உங்கள் அப்பாவுக்கு மேல்பக்கம்தான் என்பதால் கேட்டுப் பார்க்கலாம். அதிலும் உள்ளே போவது கேஸ்தான், மலைத் தடை அப்படியே இருக்கும்.

கேஸே இல்லாமல் செய்ய முடியுமா என்றால், கண்ணுக்கு வெளியே சிலிக்கான் பட்டை கட்டும் பழைய முறை இருக்கிறது. சொந்த லென்ஸ் உள்ள இளவயசுக்காரருக்கு அது அருமை. அவர்கள் சீக்கிரமே மலை ஏறலாம், கூடவே கேஸ் போடவில்லை என்று உறுதி செய்துகொண்டால். ஆனால் 2007-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், லென்ஸ் மாற்றிய கண்களில் பட்டை கட்டியது முதல் முறையிலேயே ஒட்டியது 53%, விட்ரெக்டமியில் 72%. உங்கள் அப்பாவுக்கு லென்ஸ் மாற்றியாகிவிட்டது. டாக்டர் பட்டையைப் பற்றிப் பேசாததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.


பூம்பாறை_மருமகள் (செவ்வாய், காலை 8:15)

ஆயில் பற்றி நான் சொல்கிறேன். என் மாமியாருக்கு வைத்தார்கள். நாங்கள் கொடைக்கானலுக்கு மேலே, மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாக ஏற வேண்டும். கீழே தங்க யாரும் இல்லை, அவருக்கு முதுகு வளைந்து குப்புறப் படுக்கவும் முடியாது. அதனால் டாக்டரே சிலிக்கான் ஆயில் என்று முடிவு செய்தார். ஆயில் விரியாது. ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்துவிட்டோம். அந்த நிம்மதிக்கு விலையே இல்லை.

ஆனால் மற்றதையும் சொல்ல வேண்டுமே. ஆயில் தானாகக் கரையாது, சில மாதம் கழித்து இன்னொரு ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டும். அதுவரை அந்தக் கண்ணில் பார்வை தண்ணீருக்குள் பார்ப்பது போல, பவர் எக்கச்சக்கமாக மாறிவிட்டது. சமையலறையில் டம்ளரைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளித் தண்ணீர் ஊற்றுவார், ஊற்றிவிட்டு என்னைத் திட்டுவார். நடுவில் கண் பிரஷர் ஏறிச் சொட்டு மருந்து இரண்டு வகை ஆனது. எடுத்த பிறகுதான் சுமாராகத் தெரிய ஆரம்பித்தது. மொத்தத்தில் கீழே போய் வந்த செலவைக் கூட்டினால், மதுரையில் இரண்டு மாதம் வாடகைக்கு வீடு எடுத்திருக்கலாம் போல.

மாமியார் மதுரையில் இரண்டு மாதம் இருந்திருப்பாரா என்பது வேறு கதை.


கண்ணாடிக்கடை_அக்கா (செவ்வாய், காலை 8:40)

மருமகள் சொன்னது அச்சு அசல். ஆயில் மட்டமான வைத்தியம் இல்லை. விழித்திரையில் தழும்பு ஏறிச் சுருங்கிவிட்ட கண்களில், 1992-ல் முடிவு வந்த அமெரிக்க ஆய்வு ஆயிலையும் கேஸையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது. எஸ்எஃப்6-ஐ விட ஆயில் மேல், சி3எஃப்8-ம் ஆயிலும் ஏறக்குறைய சமம் என்று வந்தது. பெரிய கிழிசல், திரும்பத் திரும்பப் பிரிவது, ஒரே கண்ணை நம்பி இருப்பவர், சாய்ந்து படுக்க முடியாதவர், இவர்களுக்கு ஆயில்தான். ஆனால் நேற்றுப் பிரிந்த, தழும்பு இல்லாத, மேல்பக்கக் கிழிசலுக்கு, மலை ஏற வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக ஆயில் என்றால், இரண்டாவது ஆபரேஷனை இப்போதே சம்மதித்து வாங்குகிறோம். அது தவறு என்று சொல்லமாட்டேன். கீழே தங்க இடமே இல்லாத குடும்பத்துக்கு அதுதான் நியாயமான வழி. அப்பாவின் வெக்கைக்காக மட்டும் என்றால் யோசியுங்கள்.


ஏரிச்சாலை_வாசி (செவ்வாய், காலை 9:05)

இழைக்குக் கொஞ்சம் வெளியே, மன்னிக்கவும். கொடைக்கானல்தான் நானும். சர்க்கரையால் விழித்திரையில் புது ரத்தக்குழாய் வந்திருக்கிறது. மாதா மாதம் கண்ணுக்குள் மருந்து ஊசியா, லேசரா என்று கேட்கிறார்கள். ஊசிதான் புதுசு, நல்லது என்கிறான் மகன்.


கண்ணாடிக்கடை_அக்கா (செவ்வாய், காலை 9:30)

வெளியே இல்லை சார், இதுவும் அதே கேள்விதான். மாதம் தவறாமல் கீழே போக முடியுமா? 2015-ல் வந்த அமெரிக்க ஆய்வில் இரண்டு வருட முடிவில் ஊசி லேசருக்குக் குறைவில்லை, ஓரப்பார்வை ஊசியில் கூடுதலாக மிஞ்சியது. ஆனால் அது முறை தவறாமல் வந்தவர்களின் கதை. ஆறு மாதத்துக்கு மேல் வராமல் நின்றுபோனவர்களைத் தனியாகப் பார்த்து 2019-ல் ஒரு கட்டுரை வந்தது. ஊசி மட்டும் போட்டு நின்றவர்களின் கண் லேசர் செய்து நின்றவர்களின் கண்ணைவிட மோசமாகப் போயிருந்தது. ஊசி மருந்து வடிந்தால் நோய் திரும்பும், லேசர் போட்ட இடம் போட்டதுதான். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைத்தால் தேதி தள்ளிப்போகும் ஊர் நம்முடையது. அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அப்புறம் அவர் முடிவு செய்யட்டும். மாக்குலாவில் வீக்கமும் இருந்தால் கணக்கு மாறும்.


பந்தலூர்_செல்வம் (செவ்வாய், காலை 10:10)

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் ஊர் சுமார் ஆயிரம் மீட்டர்தான். எங்களுக்கும் இதே தடையா?


கண்ணாடிக்கடை_அக்கா (செவ்வாய், காலை 10:22)

உங்கள் ஊர் உயரத்தைவிட வழிதான் வில்லங்கம். கோவையிலிருந்து கூடலூர் பஸ் ஊட்டி ஏறித்தானே இறங்குகிறது? 2,200 மீட்டரைத் தொட்டுவிட்டுத்தான் உங்கள் ஆயிரத்துக்கு வருவீர்கள். பாலக்காடு, நிலம்பூர், நாடுகாணி வழியாகச் சுற்றிப் போனால் அந்த உச்சி இல்லை. ஆயிரம் மீட்டரும் பெரிய குமிழுக்கு ஆகாது. எவ்வளவு குமிழ் மிச்சம் என்று பார்த்து டாக்டர்தான் அனுமதிக்க வேண்டும், எந்த வழியாக என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சமவெளிக்காரர்களுக்கு இந்தப் பாதை மனதில் வராது.


தியேட்டர்_நர்ஸ் (செவ்வாய், காலை 10:45)

ஒன்றை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். கண்ணில் கேஸ் இருக்கிறது என்று எச்சரிக்கக் கையில் கட்டும் பட்டை மலைக்கு மட்டும் இல்லை. கேஸ் உள்ளே இருக்கும்போது வேறு ஏதாவது விபத்து, குடல்வால் என்று ஆபரேஷன் வந்தால் மயக்க டாக்டரிடம் கண்ணில் கேஸ் இருப்பதைச் சொல்லியே ஆக வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயு கொடுத்தால் அது குமிழுக்குள் புகுந்து கேஸை விரிக்கும். மலை ஏறாமல் சமவெளியில் இருந்தாலே கண் போகும். குமிழ் முழுசாகக் கரையும் வரை பட்டையை அறுக்காதீர்கள். குளிக்கும்போது அரிக்கிறது என்று அறுத்துப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். விமானமும் கூடாது என்பது தெரிந்ததே.


நீராவி_ரசிகன் (செவ்வாய், காலை 11:20)

இதைப் படித்துவிட்டு எங்கள் பாட்டி நாளைய புரை ஆபரேஷனே வேண்டாம் என்கிறார்! கேம்ப் பஸ்ஸில் போய்த் திரும்புவதாக ஏற்பாடு.


தியேட்டர்_நர்ஸ் (செவ்வாய், காலை 11:26)

ஐயோ, பாட்டியை அனுப்புங்கள். வழக்கமான புரை ஆபரேஷனில் கேஸ் வைப்பதில்லை. லென்ஸ் வைத்துச் சொட்டு மருந்தோடு அனுப்புவார்கள், மலை ஏறத் தடையில்லை. தையல் இல்லாத கை முறை என்றாலும் மெஷின் முறை என்றாலும் பயப்பட வேண்டாம். நேபாளத்தில் இரண்டையும் ஒப்பிட்டு 2007-ல் வந்த ஆய்வில் ஆறு மாதம் கழித்து இரண்டிலும் 98% பேருக்குக் கண்ணாடியோடு 6/18 அல்லது அதற்கு மேல் தெரிந்தது. கிருமித் தொற்றுதான் எல்லோரும் பயப்படுவது. அரவிந்த் கண் மருத்துவமனைகளில் ஆறு லட்சம் ஆபரேஷன்களைப் பார்த்தார்கள். முடிக்கும்போது கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் செலுத்தியதில் தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 ஆக இறங்கியது. பத்தாயிரத்தில் ஏழு பேர் இரண்டு பேராகிவிட்டார்கள். வலியோ சிவப்போ கூடினால் மறுநாளே காட்டச் சொல்லுங்கள், அடுத்த கேம்ப் வரை காத்திருக்க வேண்டாம்.


இலைக்கணக்கு (செவ்வாய், மதியம் 2:05)

எல்லோருக்கும் நன்றி. காலையில் டாக்டரைப் பிடித்துவிட்டேன். "எந்த கேஸ்?" என்று கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். கோத்தகிரி என்று சொன்னேன், சி3எஃப்8 போடுவதாக இருந்ததை எஸ்எஃப்6 என்று மாற்றிக்கொண்டார். மேல்பக்கக் கிழிசல் என்பதால் இதுவே போதுமாம். ஊசி முறையையும் கேட்டேன், கிழிசல் ஒன்றில்லை, தள்ளித் தள்ளி மூன்று இருப்பதால் சரிவராது என்றார். ஆயில் இப்போதைக்கு வேண்டாம், மறுபடி பிரிந்தால் பார்க்கலாம் என்றார். குப்புறப் படுக்க வேண்டியதில்லை, இடது பக்கம் சாய்ந்து படுத்தால் போதும். இன்று மாலை ஆபரேஷன்.

மேட்டுப்பாளையத்தில் அத்தை வீடு இருக்கிறது. அத்தைக்கும் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அம்மா போன் பண்ணிப் பேசிவிட்டார், மாடி அறையைத் துடைத்து வைக்கிறேன் என்றாராம்.

குமிழ் கரைந்ததை நாங்களே எப்படித் தெரிந்துகொள்வது?


கண்ணாடிக்கடை_அக்கா (செவ்வாய், மதியம் 2:30)

முதலில் கையசைப்பது மட்டும்தான் தெரியும், பயப்படாதீர்கள். சில நாளில் மேலே பார்வை தெளியும், குறுக்கே தண்ணீர் மட்டம் மாதிரி ஒரு கோடு ஆடும். கோடு நாளுக்கு நாள் கீழே இறங்கும், கடைசியில் அடியில் ஒரு சின்ன உருண்டையாகி மறையும். மறைந்தது என்று அப்பா சொன்னால் மட்டும் போதாது, டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். திரை மறுபடி வந்தாலோ வலி எடுத்தாலோ அன்றே ஓடுங்கள். இன்னொன்று, இடது கண்ணையும் மருந்து விட்டு முழுசாகப் பார்க்கச் சொன்னீர்களா? ஒரு கண்ணில் வந்தவருக்கு அடுத்த கண்ணிலும் கிழிசல் இருக்க வாய்ப்பு அதிகம். இருந்தால் லேசரில் சுற்றி அடைத்துவிடலாம், அதற்கு மலைத் தடை எதுவும் கிடையாது.


இலைக்கணக்கு (செவ்வாய், மதியம் 2:41)

கேட்கவில்லை அக்கா. இப்போது போய்க் கேட்கிறேன்.

டிரைவர் அண்ணா, திரும்பி வரும்போது உங்கள் வண்டிதான். அப்பா அடுத்த வாரமே போன் பண்ணுவார், அவர் குணம் அப்படி.


பர்லியாறு_டிரைவர் (செவ்வாய், மாலை 4:18)

பண்ணட்டும். டாக்டர் எழுதிய சீட்டைப் போனில் படம் எடுத்து அனுப்பினால்தான் வண்டி எடுப்பேன்.